சைலன்சர் வழியா போன ஏழாயிரம் ரூபாய்

நெல்லு, தென்னை, ஆடு, மழைன்னு எழுதிக்கிட்டு இருக்கிறவன் இன்னைக்கு காரைப் பத்தி எழுதுறேன். "விவசாயிக்கு எதுக்குய்யா காரு"ன்னு சில பேர் கேப்பீங்க. சோழவந்தான் பக்கம் இருக்கிற எங்க ஊருக்கும் மதுரைக்கும் இருபத்தஞ்சு கிலோமீட்டர். ராத்திரி பன்னெண்டு மணிக்கு யாருக்காவது நெஞ்சு வலின்னா பஸ் வராது. அதுக்காகவே 2021-ல ஒரு பழைய வண்டி வாங்குனேன். 2017 மாடல், 800 சிசி, சின்ன பெட்ரோல் கார். மார்க்கெட்டுக்குக் காயும் அதுலதான் போகுது, ஆஸ்பத்திரிக்கு ஆளும் அதுலதான் போகுது.

இன்னைக்குச் சொல்ல வந்தது ஒரே விஷயம். புகை சர்டிபிகேட், அதாவது பொல்யூஷன் பேப்பர்னு நாம சொல்றது, போலீஸ்காரர் மறிச்சா நீட்டுறதுக்கான கடுதாசின்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கோம். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒழுங்கா எடுத்தா அது வண்டிக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதனை மாதிரி. அதை ஒழுங்கா எடுக்காம விட்டதுல எனக்கு ஏழாயிரம் ரூபாய் நட்டம். அந்தக் கதையைச் சொல்றேன், உங்க வண்டிக்கும் உதவும்.

வண்டி வாங்குன நாள்ல இருந்து ஒரு நோட்டுல கணக்கு எழுதுறது பழக்கம். மோட்டாருக்கு கரண்ட் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு எழுதுற அதே நோட்டு. முறை ரொம்ப சுலபம். பங்க்ல துப்பாக்கி தானா 'டக்'குன்னு நிக்கிற வரைக்கும் டேங்க் நெறப்பணும். கிலோமீட்டரை எழுதிக்கணும். முந்நூறு கிலோமீட்டராவது ஓட்டுனப்புறம் அதே பங்க்ல, முடிஞ்சா அதே துப்பாக்கில, மறுபடி தானா நிக்கிற வரைக்கும் நெறப்பணும். ஓடுன தூரத்தை ரெண்டாவது தடவை போட்ட லிட்டரால வகுத்தா அதுதான் உண்மையான மைலேஜ். ஒரு தடவை பாத்து முடிவு பண்ணக் கூடாது. மூணு தடவை பாத்து சராசரி எடுக்கணும். நூறு ரூபாய்க்கு அடிச்சுட்டு முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்குறது கணக்கே இல்ல.

2022-ல என் நோட்டுப்படி சராசரி 18.2. கம்பெனி விளம்பரத்துல போட்டிருந்தது அதைவிட நல்லா அதிகம். இதுக்காகக் கம்பெனியைத் திட்டுறவங்க நெறைய. நான் திட்ட மாட்டேன். அந்த நம்பர் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சா நீங்களும் திட்ட மாட்டீங்க.

புனேல ஏ.ஆர்.ஏ.ஐ.ன்னு ஒரு நிறுவனம், நம்ம சென்னைக்குப் பக்கத்துல ஒரகடத்துல ஜி.ஏ.ஆர்.சி.ன்னு ஒண்ணு, ஹரியானாவுல மானேசர்ல ஒண்ணு. இந்த மாதிரி இடங்கள்லதான் புது மாடல் வண்டியைச் சோதிக்கிறாங்க. வண்டி ரோட்டுல போறதில்ல. ஒரு ரூமுக்குள்ள, தரையில பதிச்சிருக்கிற உருளை மேல சக்கரம் சுத்தும். டிரைவர் முன்னாடி திரையில கோடு ஓடும். இத்தனாவது செகண்டுல இந்த வேகம், இத்தனாவது செகண்டுல நிறுத்தம்னு அதும்படி ஓட்டணும். மொத்தம் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. தூரம் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அதிகபட்ச வேகம் 90. ஏசி போட மாட்டாங்க. மேலக்கால் ரோட்டு வேகத்தடையும், எதிர்ல வர்ற வைக்கோல் வண்டியும், சித்திரை வெயிலும் அந்த ரூமுக்குள்ள கிடையாது. அதனால அந்த நம்பர் ஒரு வண்டியை இன்னொரு வண்டியோட ஒப்பிடத்தான். நம்ம ரோட்டுல இவ்வளவு கிடைக்கும்னு அது சொல்ற வாக்கு இல்ல. விதைப் பாக்கெட்டுல போட்டிருக்கிற மகசூலை நம்ம வயல்ல எதிர்பாத்தா எப்படியோ அப்படி.

அந்தச் சோதனையில என்னை அசர வச்சது வேற ஒண்ணு. அங்க மைலேஜை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க தெரியுமா? டேங்க்ல எவ்வளவு குறைஞ்சதுன்னு பாத்து இல்ல. சைலன்சர்ல வர்ற வாயுவைப் பையில பிடிச்சு, அதுல கார்பன் எவ்வளவு இருக்குன்னு பாத்துக் கணக்குப் போடுறாங்க. உள்ள போன பெட்ரோல்ல இருந்த கார்பன் ஏதோ ஒரு ரூபத்துல வெளிய வந்துதான ஆகணும். ஆக, புகை சோதனையும் மைலேஜ் சோதனையும் வேற வேற இல்ல. ஒரே சோதனையோட ரெண்டு பக்கம். இதை மனசுல வச்சுக்கங்க. என் கதையே இதுலதான் இருக்கு.

2024 நடுவுல வரைக்கும் என் வண்டி 17.6 குடுத்துச்சு. செப்டம்பர் வாக்குல 16-க்கு வந்துச்சு. 2025 கோடையில 14.6. எனக்கு உடனே காரணம் கெடச்சிருச்சு: எத்தனால். ஊரே அதைத்தான் பேசுச்சு. டீக்கடையில யாரு வண்டி மக்கர் பண்ணாலும் எத்தனால். டாஷ்போர்டுல மஞ்சளா ஒரு லைட் எஞ்சின் படம் போட்டு அப்பப்ப எரிஞ்சுச்சு. "இ-20 பெட்ரோல் வந்ததுல இருந்து எல்லா வண்டியிலயும் அப்படித்தான்ணே, கண்டுக்காதீங்க"ன்னு ஒருத்தன் சொன்னான். நானும் கண்டுக்கல. கரும்பு போட்ட விவசாயி நானே, எத்தனாலைத் திட்டிக்கிட்டு பங்க்ல நின்னேன்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம நோட்டை எடுத்து வச்சுக் கணக்குப் போட்டேன். எத்தனாலுக்கு சக்தி கம்மிதான், பொய் இல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கிற சக்தியில சுமாரா மூணுல ரெண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கு. அப்ப நூத்துக்கு இருபது கலந்தா, சுத்த பெட்ரோலை விட ஆறு, ஏழு சதவீதம் சக்தி குறையும். ஆனா 2022-லயே நாம போட்டது சுத்த பெட்ரோல் இல்ல, பத்து சதவீதம் கலந்ததுதான். அப்ப பத்துல இருந்து இருபதுக்குப் போனதுல இன்னும் மூணு, நாலு சதவீதம்தான குறையணும்? பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்ல குடுத்த விளக்கத்துலயும், இ-20-க்குன்னு தயார் பண்ணாத வண்டிகள்ல 3-ல இருந்து 6 சதவீதம் குறையலாம்னுதான் இருந்துச்சு. மேல் அளவு 6 சதவீதத்தையே வச்சுக்கிட்டாலும் என் 18.2 எங்க வந்து நிக்கணும்? 17.1-ல. நிக்கிறது 14.6-ல. இது இருபது சதவீத வீழ்ச்சி. பாக்கிக்கு எத்தனால் பொறுப்பில்ல. வண்டியில ஏதோ கோளாறு, அதை நான் ஊர்ப் பேச்சுல மூடி வச்சிருக்கேன்.

அப்பத்தான் முந்தின வருஷத்துப் புகை பேப்பர் ஞாபகம் வந்துச்சு. எடுத்துப் பாத்தேன். 2024 அக்டோபர். கார்பன் மோனாக்சைடு அளவு புது வண்டி மாதிரி போட்டிருக்கு. ஆனா அந்த மாசமே மைலேஜ் குறைய ஆரம்பிச்சிருச்சே? அந்தப் பேப்பர் எடுத்த விதத்தை யோசிச்சேன். வெக்கமா இருந்துச்சு.

அன்னைக்கு உரம் வாங்க மதுரைக்கு வந்தவன், ஒரு சோதனை நிலையத்துல வண்டியை நிறுத்துனேன். எந்த நிலையம்னு சொல்ல வேண்டியதில்ல. "தம்பி, வெரசா குடுங்க, ஆளு காத்துக்கிட்டு இருக்கு"ன்னேன். அந்தத் தம்பியும் நம்பர் பிளேட் தெரியிற மாதிரி செல்போன்ல படம் எடுத்தான். ஒரு குழாயை சைலன்சர் வாயில சும்மா தொட்டாப்ல வச்சான். படம் விழுந்ததும் எடுத்துட்டான். ரெண்டு நிமிஷத்துல கையில பேப்பர். நான் சந்தோஷமா வந்தேன். தப்பு அந்தத் தம்பி பேர்ல மட்டும் இல்ல. வெரசா குடுன்னு கேட்டவன் நான்தான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கொள்முதல் நிலையத்துக்கு நெல்லு கொண்டு போனா நாங்க எப்படி நிப்போம் தெரியுமா? ஈரப்பதம் 17 சதவீதம்னு விதி. மிஷினை எங்க கண்ணு முன்னாடி வைக்கணும், குவியலுக்குள்ள கை விட்டு அடியில இருந்து எடுக்கணும், நம்பரைக் காட்டணும். மேல கிடக்கிற நெல்லை அள்ளிப் பாத்துட்டு ஒரு நம்பர் சொன்னா சண்டைக்குப் போவோம். அங்க சோதனை ஒழுங்கா நடக்கணும்னு மல்லுக்கு நிக்கிற நானே, இங்க சோதனை நடக்காம இருந்தா போதும்னு நின்னிருக்கேன். நெல்லுக்கு வர்ற காசு கண்ணுக்குத் தெரியுது, சைலன்சர்ல போற காசு கண்ணுக்குத் தெரியல. அம்புட்டுதான் வித்தியாசம்.

2025 அக்டோபர்ல பேப்பர் முடிஞ்சப்ப ஆரப்பாளையம் பக்கம் வேற ஒரு நிலையத்துக்குப் போனேன். இந்தத் தடவை நானே சொன்னேன்: "தம்பி, அவசரம் இல்ல. குழாயை நல்லா உள்ள விட்டுப் பாருங்க." அந்தத் தம்பி என்னை ஒரு மாதிரி பாத்தான். அப்படிக் கேக்குற ஆளு வர்றதில்ல போல. எஞ்சின் சூடா இருக்கான்னு கேட்டான். ஊர்ல இருந்து ஓட்டிக்கிட்டுதான வர்றேன், சூடாத்தான் இருக்குன்னேன். குழாயை ஒரு அடி உள்ள விட்டான். கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டான். அப்புறம் ஆக்சிலேட்டரை மிதிச்சு 2500 சுத்துல பிடிக்கச் சொன்னான். மிஷின்ல நம்பர் ஏறி நின்னுச்சு.

கார்பன் மோனாக்சைடு 1.42 சதவீதம். ஹைட்ரோகார்பன் 386 பிபிஎம். "அண்ணே, தேறாதுண்ணே"ன்னான்.

என் வண்டி பி.எஸ்-4. அதுக்கு, எஞ்சின் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ள, ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ள இருக்கணும். பிபிஎம்னா பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு அர்த்தம். இது 1989-ல வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 115-வது விதி. ரொம்பப் பழைய, கார்பரேட்டர் வச்ச கார்களுக்கு 3 சதவீதம் வரைக்கும் விட்டாங்க. பி.எஸ்-2, பி.எஸ்-3 வண்டிக்கு 0.5. பி.எஸ்-4-க்கும் 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்-6-க்கும் 0.3. அந்தக் கணக்குல என் வண்டி அளவை விட நாலு மடங்குக்கு மேல போயிருச்சு. ஆனா சைலன்சர்ல கண்ணுக்கு ஒரு புகையும் இல்ல.

நம்ம ஆளுங்க ஏமாறுறது இங்கதான். டிராக்டர்ல வேலை பாத்த கண்ணு நமக்கு. கறுப்பாப் புகை வந்தா டீசல் கூடுதலாப் போகுதுன்னு தெரியும். பெட்ரோல் கார்ல அது நடக்காது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாடையும் இல்ல. மிஷின் அகச்சிவப்பு ஒளியை அந்த வாயு வழியா விட்டு, எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுதுன்னு பாத்து அளக்குது. நம்ம கண்ணால முடியாததை அது பாக்குது. புகை தெரியலைன்னா புகை இல்லைன்னு நெனைக்கிறது, மேல மண்ணு ஈரமா இருக்குன்னு வேருல தண்ணி இருக்குன்னு நெனைக்கிற மாதிரி.

கார்பன் மோனாக்சைடுன்னா பாதி எரிஞ்ச கரி. ஈர விறகை அடுப்புல வச்சா என்ன ஆகும்? விறகும் தீரும், உலையும் கொதிக்காது, வீடெல்லாம் புகை. அதேதான். கார்பன் முழுசா எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடு. பாதி எரிஞ்சு மோனாக்சைடாப் போனா, கிடைக்க வேண்டிய சூட்டுல மூணுல ஒரு பங்கு கூட கிடைக்காது. ஹைட்ரோகார்பன்ங்கிறது எரியாமலே வெளிய போற பெட்ரோல். ரெண்டும் நான் லிட்டர் நூத்துச் சில்லறை குடுத்து வாங்குனது. ரெண்டையும் ஊரு மேல ஊதிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

மெக்கானிக்கிட்ட போனேன். அவரு கம்ப்யூட்டரைச் செருகிப் பாத்துட்டு, "ஆக்சிஜன் சென்சார் போயிருச்சுண்ணே"ன்னாரு. சைலன்சர் பைப்புல எஞ்சினுக்குக் கிட்ட இருக்கிற சின்னப் பொருள் அது. வெளிய வர்ற வாயுல ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்து, 'பெட்ரோல் கூடிருச்சு, குறை', 'குறைஞ்சிருச்சு, கூட்டு'ன்னு எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். அந்தக் கணக்கைக் காப்பாத்துற கணக்குப்பிள்ளை அந்த சென்சார். கணக்குப்பிள்ளை படுத்துட்டா கம்ப்யூட்டர் எதுக்கும் இருக்கட்டும்னு பெட்ரோலைக் கூடவே ஊத்தும். டாஷ்போர்டுல எரிஞ்ச மஞ்ச லைட்டு அதைத்தான் கத்திக்கிட்டு இருந்திருக்கு. நான்தான் எத்தனால்னு சொல்லி அதோட வாயை அடைச்சேன்.

சென்சார் மூவாயிரம். ஏர் ஃபில்டர் இருநூத்தம்பது, கதிர் அடிக்கிற தூசில அது கோணி மாதிரி அடைச்சிருந்துச்சு. மூணு பிளக் நானூத்தம்பது. கூலி அறுநூறு. மொத்தம் 4,300 ரூபாய். டயர்லயும் காத்து குறைஞ்சிருந்துச்சு, அதையும் சரி பண்ணேன். அதனால எல்லாத்தையும் சென்சார் தலையில கட்ட மாட்டேன். மறுபடி அதே நிலையத்துக்குப் போனேன். கார்பன் மோனாக்சைடு 0.12, ஹைட்ரோகார்பன் 64. தம்பிக்கே சந்தோஷம். அடுத்த மூணு டேங்க் சராசரி 17.2. எத்தனால் என்கிட்ட இருந்து எடுத்தது ஒரு கிலோமீட்டர்தான். மிச்சம் ரெண்டரை கிலோமீட்டரை எடுத்தது என் அலட்சியம்.

இப்ப நட்டக் கணக்கு. மாசம் 600 கிலோமீட்டர், வருஷம் 7,200. 17.6 குடுத்திருந்தா 409 லிட்டர். அந்த வருஷம் சராசரியா 15-தான் குடுத்துச்சு, 480 லிட்டர். 71 லிட்டர் கூடுதல். லிட்டர் 101 ரூபாய்னு வச்சாலும் 7,171 ரூபாய். முதல் தடவையே குழாயை உள்ள விட்டுப் பாத்திருந்தா 4,300-ல முடிஞ்சிருக்கும். இப்ப அதையும் குடுத்து இதையும் குடுத்தேன்.

காசு மட்டும் இல்ல. காரை நிறுத்துறது வீட்டுக்கு ஒட்டுன தகரக் கொட்டகை. காலையில ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் ஓட விட்டுட்டு, அதுக்குள்ள காய்ப்பெட்டியை ஏத்துவேன். அதே கொட்டகையில நாலு ஆடு கட்டியிருக்கும். என் வீட்டுக்காரம்மா அங்கதான் கூட்டுவாங்க. "ஏங்க, வண்டி ஓடும்போது தலை பாரமா இருக்கு"ன்னு ரெண்டு மூணு தடவை சொன்னாங்க. வெயில்னு சொல்லிட்டேன். அந்தத் தலைபாரத்துக்கு இதுதான் காரணம்னு சொல்ல நான் டாக்டர் இல்ல. ஆனா கார்பன் மோனாக்சைடு நம்ம ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல, அதைவிட இருநூறு மடங்கு பலமா ஒட்டிக்கிற வாயு. மூடுன இடத்துல ஆளையே கொல்லும். இப்ப வண்டியை வெளிய தள்ளி நிறுத்திட்டுத்தான் சாவி போடுறேன். அப்பார்ட்மெண்ட்ல கீழ்த்தளத்துல நிறுத்துறவங்க, ஏசி போட்டுக்கிட்டு வண்டிக்குள்ளயே காத்திருக்கிறவங்க, நீங்களும் யோசிங்க.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய, குரு தியேட்டர் சிக்னல் வரைக்கும் சாயங்காலம் போய் நின்னு பாருங்க. தேனி பஸ், திண்டுக்கல் பஸ், ஆட்டோ, பைக், நடுநடுவுல என்னை மாதிரி சின்ன கார். எல்லாம் நின்ன இடத்துல ஓடிக்கிட்டு இருக்கும். ஓரத்துல பூ கட்டுற அம்மா, வெள்ளரிக்காய் விக்கிற பெரியவர். நாம ரெண்டு நிமிஷத்துல கடந்துருவோம். அவங்க அங்க பத்து மணி நேரம் உக்காந்திருக்காங்க. "இவ்வளவு பஸ்ஸும் லாரியும் ஊதுறப்ப என் சின்ன காரா பெருசு"ன்னு கேக்கலாம். நானே கேட்டிருக்கேன். அதுக்கு என் பதில்: பக்கத்து வயக்காரன் வரப்பை வெட்டுறான்னு நாமளும் வெட்டுனா கடைசில நடக்க வரப்பு இருக்காது. அதோட, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருது. நான் வீணாக்குன 71 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 160 கிலோ. ரெண்டரை மூட்டை நெல்லு எடை. ஒரு சின்ன கார், ஒரு வருஷம்.

சோதனையே முழுசா சரின்னும் நான் சொல்லல. நின்ன இடத்துல வண்டியை ஓட விட்டுப் பாக்குற இந்தச் சோதனையில நைட்ரஜன் ஆக்சைடை அளக்கிறதே இல்ல. ரூமுக்குள்ள நடக்கிற பெரிய சோதனையையே ஏமாத்துன கதையும் உண்டு. 2015-ல அமெரிக்காவுல ஃபோக்ஸ்வேகன் கம்பெனியோட டீசல் கார்கள்ல, சோதனை நடக்குதுன்னு கண்டுபிடிச்சு அப்ப மட்டும் புகையைக் குறைக்கிற சாஃப்ட்வேர் இருந்தது தெரிய வந்துச்சு. அந்தக் காரை ரோட்டுல ஓட்டி அளந்தப்பதான் சந்தேகமே கிளம்புச்சு. நம்ம நாட்டுலயும் 2023 ஏப்ரல்ல இருந்து புது மாடல்களை ரோட்டுல ஓட்டியும் அளக்கணும்னு விதி வந்திருக்கு. நல்ல விஷயம். ஆனா அதெல்லாம் புது வண்டிக்கு. நம்ம பழைய வண்டிக்கு இருக்கிற ஒரே சோதனை இந்தக் குழாய்தான். அதையும் போட்டோவுக்கு நிக்க வச்சு அனுப்பிட்டா அப்புறம் என்ன மிச்சம்?

சோதனை நிலையம் நடத்துறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. மிஷின் விலை லட்சக்கணக்குல, அப்பப்ப அளவு சரிபாக்கணும், கட்டணம் கொஞ்சம்தான், வர்றவன் எல்லாம் என்னை மாதிரி வெரசா குடுன்னு நிக்கிறான். ஒருத்தர் ஒழுங்காச் சோதிச்சு தேறாதுன்னு சொன்னா, கோவிச்சுக்கிட்டு அடுத்த நிலையத்துக்குப் போயிடுறோம். நேர்மையா இருக்கிறவனுக்குத்தான் நட்டம். அதனால கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் தப்பில்லைன்னு நெனைக்கிறேன். தேறாத வண்டிக்கு உடனே அபராதம்னு பயமுறுத்தாம, சரி பண்ண பதினஞ்சு நாள் குடுக்கணும். 2019-ல வந்த சட்டத் திருத்தப்படி அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் போகும். அந்தப் பயத்துல ஜனங்க தேடுறது நல்ல வண்டியை இல்ல, நல்ல பேப்பரைத்தான். செல்போன் படம், வீடியோன்னு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டு வந்திருக்கு. வேணும்தான். ஆனா குழாய் உள்ள போச்சா, சும்மா தொட்டுக்கிட்டு இருக்கான்னு படத்தைப் பாத்து எத்தனை பேரு சொல்ல முடியும்? வண்டிக்காரன் பக்கத்துல நின்னு பாத்தாத்தான் அது நிக்கும்.

அதனால அடுத்த தடவை போறப்ப இதைச் செய்யுங்க. பக்கத்துத் தெருவுல இருந்து போகாம, பத்துப் பதினஞ்சு நிமிஷமாவது ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிட்டுப் போங்க. வண்டியை விட்டு இறங்கி பின்னாடி வந்து நில்லுங்க. குழாய் ஒரு அடியாவது உள்ள போகுதான்னு பாருங்க. மிஷின் திரையில கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு காட்டுதுன்னு கேளுங்க. நல்லா ஓடுற பெட்ரோல் வண்டின்னா 14, 15 சதவீதம் இருக்கும். எட்டு, ஒம்பதுன்னு இருந்து ஆக்சிஜன் கூடுதலாக் காட்டுச்சுன்னா, வெளிக்காத்து கலக்குதுன்னு அர்த்தம். ஒண்ணு குழாய் சரியா இல்ல, இல்லைன்னா சைலன்சர்ல ஓட்டை. அப்ப மத்த நம்பரை நம்பாதீங்க. பேப்பரைத் தூக்கிப் போடாம வருஷா வருஷம் சேத்து வைங்க. 0.05, 0.08, 0.2ன்னு ஏறிக்கிட்டே வந்தா, தேறிட்டோம்னு சந்தோஷப்படாம மெக்கானிக்கைப் பாருங்க. கூடவே டேங்க் கணக்கும் எழுதுங்க. ரெண்டும் சேந்தா வண்டி உங்ககிட்ட பொய் சொல்ல முடியாது.

போன வாரம் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் தன்னோட காருக்குப் பேப்பர் எடுக்கக் கிளம்புனான். "மாமா, வண்டி வராமலே பேப்பர் மட்டும் கிடைக்குமா, ஆளு இருக்காங்களா"ன்னு கேட்டான். நான் நோட்டை எடுத்து அந்த 71 லிட்டர் கணக்கைக் காட்டுனேன். ஒண்ணும் பேசாம சாவியை எடுத்துக்கிட்டுப் போனான். சாயங்காலம் போன் பண்ணான். "மாமா, பின்னாடி நின்னு பாத்தேன். ஒரு அடி விட்டாங்க. 0.09."